வெண்சோறும் வாற்கோதுமையும்

நல்லுணவு எதுவென அறிதல் ஒன்று. அதனை நாள்தோறும் உண்ணும் மனத்தைப் பெறுதல் மற்றொன்று. முன்னையது ஏட்டிலும் பள்ளியிலும் மருத்துவர் வாயிலும் கிடைப்பது. பின்னையதோ அடுக்களையிலும் உண்கலத்திலும் பிறக்க வேண்டியது. மிகத் தீட்டிய அரிசியும் மிகுந்த சீனியும் உடலுக்கு ஆகா என்பதை அறியாதார் இன்று மிகச் சிலரே. அறிந்தவர் அனைவரும் தம் உணவை மாற்றிக்கொண்டனரோ எனின், இல்லை என்பதே விடை. அறிவுக்கும் பழக்கத்துக்கும் இடையே கிடக்கும் இத்தூரம் எத்துணைப் பெரிது, அதனைக் கடக்கும் வழி யாது என்னும் வினாக்களுக்கு, சோற்றையே உயிராகக் கொண்ட ஒரு நாட்டின் வரலாறு தெளிவான விடை தருகின்றது. அந்நாடு யப்பான், காலம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி.

1882ஆம் ஆண்டின் இறுதியில் 'ரியூஜோ' என்னும் யப்பானியப் போர்க்கப்பல் 376 பேருடன் பயிற்சிக்காகப் புறப்பட்டது. நியூசிலாந்து, சிலி, பெரு, ஹவாய் ஆகிய இடங்களைத் தொட்டு மீள்வது அதன் பயணத் திட்டம். பயணம் 272 நாட்கள் நீடித்தது. பெரு நாட்டை விட்டு ஹவாய்த் தீவை நோக்கிச் செல்லும்போது மாலுமிகள் ஒருவர்பின் ஒருவராகக் கால் தளர்ந்து வீழ்ந்தனர். பாய்களை விரிக்கவும் கயிறுகளை இழுக்கவும் ஆட்கள் போதவில்லை. பயணம் முடிந்தபோது நோயுற்றோர் தொகை 169. இறந்தோர் தொகை 25. எந்தப் பகைவனும் அக்கப்பலைத் தாக்கவில்லை; எந்தப் புயலும் அதனை அலைக்கழிக்கவில்லை. மாலுமிகளின் கலத்தில் இடப்பட்ட வெண்சோறே அவர்களை வீழ்த்தியது என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

அந்நோயை யப்பானியர் 'கக்கே' என்றனர். காலைப் பற்றிய நோய் என்பது அதன் பொருள். மேனாட்டு மருத்துவர் அதனைப் 'பெரி-பெரி' என்பர். கால் மரத்தல், வீங்குதல், நடை தளர்தல், மூச்சுத் திணறல் என்று படிப்படியாக வளர்ந்து, இறுதியில் இதயம் ஓய்ந்து உயிர் போதல் அந்நோயின் இயல்பு. பெரி-பெரி என்னும் பெயர் இலங்கையின் சிங்கள மொழியில் 'இயலாது' எனப் பொருள்படும் சொல் இரட்டித்து வந்தது என்று அகராதிகள் பல கூறுகின்றன. எழ இயலாது, நடக்க இயலாது என்று நோயாளி முனகும் குரலே நோய்க்குப் பெயராயிற்றுப் போலும்.

யப்பானில் இது புதிய நோயன்று. ஆயினும் கிராமங்களை அது பெரிதும் அணுகவில்லை. அங்கு உழவர் தாம் விளைத்த நெல்லை வரியாகச் செலுத்திவிட்டு, வாற்கோதுமை, தினை முதலியவற்றை அரிசியுடன் கலந்து உண்டனர். தலைநகராகிய எடோவிலோ நகரமாந்தரும் வீரரும் தவிடு முற்றும் நீங்கத் தீட்டிய வெள்ளை அரிசியை உண்டனர். கிராமத்திலிருந்து எடோவுக்கு வந்து தங்கியவன் கால் வீங்கி வருந்துவான். ஊருக்குத் திரும்பினால் நலமடைவான். ஆதலின் மக்கள் இதனை 'எடோ நோய்' என்றே வழங்கினர். பிற்காலத்தில் எடோ நகரே தோக்கியோ எனப் பெயர் பெற்றது.

உயர்குடிப் பிறந்தோரையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை. நாட்டை ஆண்ட இயேமொச்சி என்னும் சோகன் 1866இல், இருபது வயதில், இந்நோயால் மாண்டான். அவன் மனைவியாகிய கசுனோமியா இளவரசியும் 1877இல் இதற்கே இரையானாள். அவ்விளவரசியின் தமையன் மகனாகிய மெய்ஜிப் பேரரசர் தாமும் இந்நோயால் வருந்தியவர். செல்வமும் சிறப்பும் மிகுந்தோர் இல்லங்களிலேயே வெண்சோறு மிகுதியாக உண்ணப்பட்டது என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

வெண்சோறு அக்காலத்தில் பசியைத் தீர்க்கும் பொருளாக மட்டும் இருக்கவில்லை. அது வாழ்வில் உயர்ந்தமைக்கு அடையாளமாகவும் விளங்கியது. கலப்புச் சோற்றை உண்டு வளர்ந்த உழவன் மகனுக்கு, விழாநாளிற் கிடைக்கும் வெள்ளைச் சோற்றை நாள்தோறும் உண்ணலாம் என்பதே படையிற் சேர்வதற்குப் பெரிய கவர்ச்சியாயிற்று. தரைப்படை வீரன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 900 கிராம் வெள்ளை அரிசி அளிக்கப்பட்டது. அரசு தன் வீரரைக் குறைவின்றி ஊட்டியது. ஊட்டிய உணவே அவர்களைக் கொன்றது.

கடற்படையில் நிலைமை இன்னும் கேடாயிருந்தது. 1882இல் 4,769 பேர் கொண்ட கடற்படையில் நோய்ப்பட்டோர் தொகை 1,929. இறந்தோர் 51 பேர். பத்துப் பேரில் நால்வர் நோயாளராயின், போர் மூண்டால் கப்பல்களைச் செலுத்துவார் யார்? இவ்வினா ஒரு மருத்துவரின் உறக்கத்தைக் கெடுத்தது. அவர் பெயர் தக்காக்கி கனேஹிரோ.

தக்காக்கி 1849இல் கியூசூத் தீவில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தவர். கடற்படை மருத்துவராகச் சேர்ந்து, 1875 முதல் 1880 வரை இலண்டன் புனித தோமசு மருத்துவமனையிற் பயின்றார். அங்கு வாழ்ந்த ஐந்தாண்டுகளில், தம் நாட்டு மருத்துவமனைகளை நிரப்பிய அந்நோயை அவர் கண்டிலர். தாயகம் மீண்டு, தோக்கியோவிலிருந்த கடற்படை மருத்துவமனைக்குத் தலைவரானதும் அவர் ஏடுகளைப் புரட்டினார், கப்பல்களுக்குச் சென்றார், உறைவிடம், உடை, காற்று, வேலை, உணவு ஆகிய ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு நோக்கினார். அதிகாரிகளுக்கு நோய் குறைவு. சாதாரண மாலுமிகளுக்கு மிகுதி. பிறநாட்டுத் துறைமுகத்தில் தங்கி அந்நாட்டு உணவை உண்ணும் காலத்தில் நோய் தோன்றுவதில்லை; மீண்டும் கடலேறிச் சோற்றுக்குத் திரும்பினால் நோயும் திரும்புகின்றது. உறைவிடமும் உடையும் வேலையும் ஒன்றாயிருக்க, வேறுபடுவது உணவு ஒன்றே என்பதை அவர் கண்டார்.

அடுத்து அவர் கண்டது மனித இயல்பைப் பற்றியதோர் உண்மை. அக்காலத்தில் மாலுமிகளுக்கு உணவுக்கெனப் பணம் அளிக்கப்பட்டது. அப்பணத்தில் மீன், இறைச்சி, காய்கறி முதலியவற்றை வாங்கி உண்ணலாம். மாலுமிகளோ வயிறு நிறையச் சோற்றை உண்டு, தொடுகறிக்கான பணத்தை மிச்சம் பிடித்தனர். சிலர் வீட்டுக்கு அனுப்பினர். சிலர் வேறு வழிகளிற் செலவிட்டனர். ஊரில் வறுமையில் வாடும் தாய்க்குப் பணம் அனுப்பும் மகனை எவ்வாறு குறை கூறுவது? நல்லுணவை வாங்கும் பணம் கையில் இருந்தும் அவன் அதனை உண்ணவில்லை. ஒவ்வொரு வேளையும், 'இன்று நல்லுணவா, மிச்சப் பணமா?' என்னும் வினா அவன் முன் நின்றது. ஒவ்வொரு வேளையும் மிச்சப் பணமே வென்றது.

இதனை உணர்ந்த தக்காக்கி, பணத்தை நிறுத்தி உணவையே நேராக வழங்குதல் வேண்டும் என்று வாதாடினார். அரிசி மலிவு, இறைச்சியும் பாலும் விலை மிகுந்தவை. ஆதலின் எதிர்ப்பு வலுவாக இருந்தது. அவர் அமைச்சரைக் கண்டார். 1883ஆம் ஆண்டு நவம்பரில் பேரரசரையே நேரிற் கண்டு விளக்கினார். இறுதியில், ரியூஜோ சென்ற அதே வழியில் மற்றொரு கப்பலைப் புதிய உணவுடன் அனுப்பிச் சோதித்துப் பார்க்க இசைவு பெற்றார். சோதனை தோற்றால் அரசின் பணமும் அவரது பெயரும் ஒருங்கே அழியும் என்பது அவருக்குத் தெரியும்.

1884ஆம் ஆண்டு பெப்ரவரியில் 'சுக்குபா' என்னும் கப்பல் 333 பேருடன் புறப்பட்டது. சோறு குறைக்கப்பட்டு, இறைச்சி, உறைபால், பாணுக்கு ஒப்பான மாப்பண்டங்கள், காய்கறி ஆகியன சேர்க்கப்பட்டன. மாதங்கள் சென்றன. தோக்கியோவிற் காத்திருந்த தக்காக்கிக்கு ஹவாயிலிருந்து தந்தி வந்தது: நோயாளர் ஒருவரும் இல்லை, கவலை வேண்டா என்பது அதன் செய்தி. 287 நாட்கள் நீடித்த அப்பயணத்தில் ஓர் உயிரேனும் இந்நோயால் நீங்கவில்லை. இடையில் நோய்க்குறி காட்டியோர் பதினைந்து பேரளவினரே. அவர்களை விசாரித்தபோது, பெரும்பாலோர் தமக்கு அளிக்கப்பட்ட இறைச்சியையோ பாலையோ உண்ணாது விட்டவர்கள் என்பது வெளியாயிற்று.

இங்கு வரலாறு முடிந்திருப்பின், 'உண்மை நிறுவப்பட்டது. மக்கள் திருந்தினர்' என்று எழுதிவிடலாம். நடந்ததோ வேறு. கடற்படை முழுவதிலும் மேனாட்டு உணவு புகுத்தப்பட்டதும் மாலுமிகள் முகம் சுளித்தனர். பாண் அவர்கள் தொண்டையில் இறங்கவில்லை. இறைச்சியின் மணம் பிடிக்கவில்லை. தமக்கு உயிர் தரும் உணவென்று அதிகாரிகள் சொல்லியும், அதனைக் கடலில் எறிந்தோர் பலர். சுக்குபாவின் வெற்றியை அவர்களும் கேள்வியுற்றிருந்தனர். நோயுற்று மாண்ட தோழரையும் அவர்கள் கண்டிருந்தனர். கேள்வியும் அச்சமும் ஒன்று சேர்ந்தும் நாவின் பழக்கத்தை வெல்ல முடியவில்லை.

தக்காக்கி மாலுமிகளைச் சினந்து கொள்ளவில்லை. தம் திட்டத்தைத் திருத்திக் கொண்டார். சோற்றை விட மாட்டார்கள் எனில், சோற்றுக்குள்ளேயே மருந்தை வைத்தல் வேண்டும். 1885இல் பாணுக்குப் பதிலாக, அரிசியும் வாற்கோதுமையும் கலந்து சமைத்த சோறு கப்பல்களில் வழங்கப்பட்டது. இது மாலுமிகளுக்குப் புதிதன்று; அவர்கள் ஊரில், தாயின் கையால் உண்டு வளர்ந்த சோறே. சுவையிற் சிறிது குறை. ஆயினும் கிண்ணத்தில் ஏந்திக் குச்சிகளால் உண்ணத்தக்க சோறு. மாலுமிகள் அதனை உண்டனர். 1884இல் 718ஆக இருந்த நோயாளர் தொகை, 1885இல் 41ஆக வீழ்ந்தது. இத்தனைக்கும் கடற்படையினர் தொகை 6,918ஆகப் பெருகியிருந்தது. அதற்கடுத்த ஆண்டு நோயாளர் மூவர் மட்டுமே.

ஈண்டு ஒரு செய்தி சிந்தனைக்குரியது. வாற்கோதுமைச் சோறு இவ்வாறு பயன்பட்டது கடற்படையில் மட்டுமன்று. 1881 முதல் யப்பானியச் சிறைகளில் அரிசி நான்கு பங்கும் வாற்கோதுமை ஆறு பங்குமான சோறு கைதிகளுக்கு இடப்பட்டது; செலவைக் குறைப்பதே அதன் நோக்கம். சிறைகளில் நோய் அருகியது. இதனைக் கண்ட ஹொரியுச்சி என்னும் தரைப்படை மருத்துவர், ஒசாக்காவில் இருந்த வீரருக்கும் அவ்வுணவை வழங்கச் செய்து நற்பயன் கண்டார். ஆயினும் தரைப்படையின் மேலிடம் அசையவில்லை. கைதியின் உணவை வீரனுக்கு இடுவதா? நாளை களத்தில் உயிர் துறக்கப்போகும் இளைஞனுக்கு இன்று வெண்சோற்றை மறுப்பதா? இவ்வுணர்ச்சி இழிவானதன்று, அன்பிலிருந்து எழுந்ததே. பிள்ளை கேட்பதை மறுக்க மனமில்லாது கேடான பண்டத்தைக் கையிற் கொடுக்கும் பெற்றோரின் அன்பு எத்தகையதோ, அத்தகையதே அதுவும்.

உணர்ச்சிக்குத் துணையாகக் கல்வியும் நின்றது. செருமனியிற் பயின்ற படை மருத்துவர் மோரி ரிந்தாரோ வெண்சோற்றின் சிறப்பை நிலைநாட்ட முனைந்தார். மோரி ஓகாய் என்னும் பெயரில் யப்பானிய இலக்கியத்தில் அழியாப் புகழ் பெற்ற எழுத்தாளர் இவரே. 1889இல் அவர் நடத்திய உணவுச் சோதனை, உடலுக்கு வலுவூட்டுவதில் வெண்சோறே சிறந்தது என்று காட்டியது. பெரி-பெரி கிருமியால் வருவது என்பது அக்காலத்துச் செருமானிய மருத்துவத்தைப் பின்பற்றியோரின் கருத்து. தக்காக்கியின் விளக்கத்தை அவர்கள் எள்ளினர். அவ்விளக்கம் பிழை என்பதும் உண்மையே. உணவிற் புரதம் குறைவதாலேயே நோய் வருகின்றது என்று தக்காக்கி நம்பினார்; உண்மைக் காரணம் அதுவன்று. இவ்வாறு, பிழையான விளக்கம் கொண்டவர் சரியான சோற்றை ஆக்கினார். ஆழ்ந்த கல்வி பெற்றவர்கள் பிழையான சோற்றைக் காத்து நின்றனர்.

அதன் விலையைத் தரைப்படை செலுத்தியது. 1894, 1895ஆம் ஆண்டுகளில் சீனத்துடன் நிகழ்ந்த போரிலும், அதனையொட்டித் தைவானில் நிகழ்ந்த போரிலும் பகைவர் கையால் மாண்ட தரைப்படை வீரரினும், பெரி-பெரியால் மாண்டோர் தொகை பெரிது. அது ஏறத்தாழ 4,000. பத்தாண்டுகளின் பின் உருசியாவுடன் மூண்ட போரில் இந்நோயால் இறந்த வீரர் ஏறத்தாழ 27,000 பேர். அதே போரிற் கடற்படையில் இந்நோய் கண்டோர் மிகச் சிலர். ஒரே நாடு, ஒரே இனம், ஒரே போர். வேறுபட்டது சோற்றுப்பானை ஒன்றே. 1905ஆம் ஆண்டு மார்ச்சில், போர் அமைச்சர் தெரவுச்சி மசத்தாக்கே தரைப்படைக்கும் வாற்கோதுமை கலந்த சோற்றை வழங்க ஆணையிட்டார். அவர் தாமே அந்நோயுற்று, வாற்கோதுமைச் சோற்றால் குணமடைந்தவர். ஏடும் எண்ணும் செய்யாததை, அமைச்சரின் சொந்த உடல் கற்ற பாடம் செய்தது.

இதற்கிடையில் நோயின் உண்மைக் காரணமும் வெளிச்சத்துக்கு வந்தது. யாவாத் தீவில் ஒல்லாந்த மருத்துவர் ஐக்மன், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிடு நீங்காத அரிசியால் அவை தேறுவதையும் கண்டார். 1910இல் சுசுக்கி உமேத்தாரோ என்னும் யப்பானிய அறிஞர் தவிட்டிலிருந்து நோய் தீர்க்கும் சத்தைப் பிரித்தார். 1912இல் காசிமிர் பங்க் என்பார் இத்தகைய சத்துகளுக்கு 'விற்றமின்' என்னும் பெயரை வழங்கினார். தவிட்டிலும் முளையிலும் உறையும் பி1 என்னும் உயிர்ச்சத்தே, தீட்டும் ஆலையில் உதிர்ந்து போய் இத்தனை உயிர்களையும் வாங்கியது என்பது தெளிவாயிற்று. 1929இல் ஐக்மன் நோபல் பரிசு பெற்றார்.

காரணம் தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது. இனி யப்பானிய மக்கள் வெண்சோற்றைக் குறைத்திருப்பர் என்று எண்ணுவது இயல்பு. வரலாறோ தலையிலடித்தாற்போல் வேறொன்றைக் காட்டுகின்றது. அந்நாட்டு மக்களிடையே இந்நோய் உச்சத்தை அடைந்தது அதன் பின்னரே. 1923ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 26,000 பேருக்கு மேல் பெரி-பெரியால் இறந்தனர். நகரங்கள் பெருகின, தீட்டும் ஆலைகள் பெருகின, வெண்சோறு எளியோர் கைக்கும் எட்டியது. எட்டாத பொருள் எட்டியபோது அதனை வேண்டா என்று தள்ளும் மனம் யாருக்கு வரும்? உணவு பலவகைப்பட்டு, உயிர்ச்சத்து மருந்துகளும் மலிந்த 1950களிலேயே அந்நோய் அங்கு அருகலாயிற்று.

கடற்படையில் முதலாண்டிலேயே நிகழ்ந்த மாற்றம், வீடுகளில் பல்லாண்டுகள் கடந்தும் நிகழாமைக்குக் காரணம் யாது? மாலுமிகள் வீட்டாரினும் அறிவு மிக்கவரல்லர்; மனவுறுதி மிக்கவருமல்லர். அவர்களே பாணைக் கடலில் எறிந்தவர்கள். வேறுபாடு ஒன்றே: கப்பலில் உணவைப் பற்றிய முடிவு ஒருமுறை எடுக்கப்பட்டது. அரிசியும் வாற்கோதுமையும் கலந்தே களஞ்சியத்துக்கு வந்தன; கலந்தே பானையில் ஏறின. பசித்து வந்த மாலுமி, 'நல்லதை உண்பேனா, விரும்பியதை உண்பேனா' என்று தன் மனத்தோடு போராட வேண்டியிருக்கவில்லை. பானையில் இருந்ததை அனைவரோடும் சேர்ந்து உண்டான். சில கிழமைகளில் அதுவே பழக்கமாயிற்று. வீட்டிலிருப்போனுக்கோ அப்போர் ஒவ்வொரு வேளையும் புதிதாக மூண்டது. நாளுக்கு மூன்று முறை போர் செய்பவன் என்றேனும் ஒருநாள் தோற்பான். தோற்றவன் மனம் தளர்ந்து போரையே கைவிடுவான்.

நல்ல பழக்கத்துக்கு ஊக்கம் முதலில் வரவேண்டும், பின்னரே செயல் வரும் என்று பலர் காத்திருக்கின்றனர். கடற்படையின் வரலாறு இதனைத் தலைகீழாகக் காட்டுகின்றது. அங்கு முதலில் மாறியது பானை. பின்னர் மாறியது நாக்கு. அதன் பின்னர், கால்வீக்கம் வடிந்து தோழர் நலமுறக் கண்டபோது மாறியது மனம். ஊக்கம் என்பது விதையன்று, விளைச்சல்.

பழக்கத்தின் வலிமைக்கு மற்றொரு சான்று தமிழர் வாழ்விலிருந்தே கிடைக்கின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் பெரி-பெரிக்கு இரையாயினர். அதே மண்ணில், அதே வெயிலில் பாடுபட்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அரிதாகவே தீண்டியது. பிரடன் என்னும் மருத்துவர் 1907இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தார். சீனர் உண்டது தீட்டிய பச்சையரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. பிளெச்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூரின் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை இரு கூறாக்கி, ஒரு சாராருக்குப் பச்சையரிசியும் மறு சாராருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். முன்னவரிற் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். பின்னவரிடையே நோய் புதிதாகத் தோன்றவில்லை.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பின்னர்த் தீட்டினாலும் அது முற்றும் நீங்குவதில்லை. இவ்வுண்மையை அத்தமிழ்த் தொழிலாளர் அறிந்திருந்தனரா? இல்லை. உயிர்ச்சத்து என்னும் சொல்லே அப்போது பிறக்கவில்லை. அவர்கள் தம் தாயரும் பாட்டியரும் உண்டதை உண்டனர். அதுவே அவர்களைக் காத்தது. நல்ல பழக்கம் வேரூன்றிய வீட்டில் ஊக்கத்தைத் தேட வேண்டிய தேவையே இல்லை. அவ்வேர் அறுந்த வீட்டிலேதான் அறிவுரையும் அச்சமும் உறுதிமொழியும் வேண்டியிருக்கின்றன.

கடற்படைச் சோற்றைச் சுவையுடையதாக்கும் முயற்சியும் கைவிடப்படவில்லை. 1908இல் வெளியான கடற்படைச் சமையல் நூலொன்றில், இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், கரட் ஆகியவற்றைச் சேர்த்துக் கோதுமை மாவினால் தடிப்பாக்கிச் சோற்றின்மேல் ஊற்றும் கறிச்சோற்றின் செய்முறை இடம்பெற்றது. தமிழின் 'கறி' ஆங்கிலத்தின் வழியே அங்கு சென்று 'கரே' ஆயிற்று. முன்னர் இறைச்சியின் மணத்தை வெறுத்த மாலுமிகளின் வழித்தோன்றல்கள், இன்று வெள்ளிக்கிழமைதோறும் கப்பலில் அதனை விரும்பி உண்கின்றனர். கட்டளையாய்ப் புகுந்த உணவு, சுவையும் கூட்டுறவும் சேர்ந்தபோது கொண்டாட்டமாயிற்று.

இன்று பெரி-பெரி அருகிவிட்டது. அதன் இடத்தில் நீரிழிவும் குருதியமுக்கமும் இதய நோயும் வந்து அமர்ந்துள்ளன. இவை ஒரு பயணத்தில் கொல்வனவல்ல. பல ஆண்டுகளாக, ஓசையின்றி உடலை அரிப்பன. ஆயினும் இவற்றுக்கு வழி திறப்பனவற்றுள் அன்றாடக் கலமும் ஒன்று. ஈழத்து அடுக்களைகளில் குரக்கனும் சாமையும் சிவப்புக் குத்தரிசியும் இடம்பெற்ற காலம் தொலைவில் இல்லை. அவை ஏழையின் உணவென்றும், வெள்ளையரிசியும் கோதுமை மாவும் வசதியின் அடையாளமென்றும் கருதப்பட்ட கதை, எடோ நகரத்தாரின் கதையேயன்றி வேறன்று.

இதனை மாற்ற விழையும் குடும்பம் ஒரே நாளில் அனைத்தையும் துறக்க வேண்டியதில்லை. வெண்சோற்றை ஒழித்துப் பாணைத் திணித்தபோது தக்காக்கியே தோற்றார். சோற்றோடு வாற்கோதுமையைக் கலந்தபோது வென்றார். அரிசிமாப் பிட்டில் ஒரு பங்கு குரக்கன் மா சேரலாம். தீட்டிய அரிசியோடு சிவப்பரிசி ஒரு பங்கு கலக்கலாம். சோற்றைக் குறைத்த இடத்தில் கீரையும் பருப்பும் நிறையலாம். முடிவு உண்ணும் வேளையிற் பிறக்க வேண்டியதன்று. கடையிற் சாமான் வாங்கும் வேளையிலேயே பிறந்துவிட வேண்டும். வீட்டிற் கேடான பண்டம் இல்லையாயின், அதனை மறுக்கும் மனவுறுதியும் வேண்டியதில்லை. அன்றியும், நோயாளிக்கு ஒரு பானை, ஏனையோருக்கு ஒரு பானை என்று பிரித்தலாகாது. தனித்து உண்பவன் தண்டனை பெற்றவனாகத் தன்னை எண்ணுவான். எல்லோரும் ஒன்றாய் உண்ணும்போது அது வீட்டின் வழக்கமாகும்.

தக்காக்கி 1905இல் பிரபுப் பட்டம் பெற்றார். மக்கள் அவரை 'வாற்கோதுமைப் பிரபு' என்று அழைத்தனர். அவர் 1920இல் மறைந்தார். 1959இல் தென்முனைக் கண்டத்தின் கடல்முனையொன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. தாம் கூறிய காரணம் பிழையாகிப் போனாலும், தாம் ஆக்கிய சோறு பிழையாகாத பேறு அவருடையது. மாலுமிகளை அவர் அறிவுரையால் மட்டும் திருத்த முயலவில்லை. அவர்களது பசியையும் சுவையையும், ஊருக்குப் பணம் அனுப்பும் ஆசையையும் அறிந்து, அவற்றுக்கு இடமளித்தே நல்லுணவுக்கு வழி செய்தார். ஒரு பானையில் இரண்டு தானியம் கலந்தது அச்செயல். அதன் பயனாகக் கால் தளராது கரையேறி, தாய் முகம் கண்ட மாலுமிகள் பலராவர்.